கால்வாய் போன வழி

அப்பா வந்தபோது நான் வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும், பாதி நிறைந்த குடத்தோடு குழாயை அடைத்தேன். எப்போதும் அப்படித்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் அவர் எதிரே குழாய் ஓடிக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்காது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. புதிய துறைமுகம் திறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. என் கணவர் அங்கே எலக்ட்ரீசியன். மில்லர்புரத்தில் வாடகை வீடு, வாசலிலேயே குழாய், கையில் ஒரு வயது தாண்டிய பெண் குழந்தை. எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு கால்வாயின் கடைசியில் இருந்தது. ஸ்ரீவைகுண்டத்து அணையிலிருந்து வரும் தண்ணீர் டவுனுக்கு மேற்கே ஒரு பெரிய குளத்தில் விழும். அங்கிருந்து கிளம்பி, டவுனின் ஓரத்தை ஒட்டி வந்து, உப்பளங்களையும் உடைமரக் காட்டையும் தாண்டி எங்கள் வயல்களில் முடிந்தது கால்வாய். நான் தாவணி போடத் தொடங்கிய வருடம் ஒரு பெருவெள்ளத்தில் கரை உடைந்தது. அடுத்த கோடைக்குள் கட்டிவிடுவார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கட்டவில்லை. பிறகு சாலை போட்டபோது குறுக்கே மண் நிரப்பினார்கள். அதோடு தண்ணீர் வருவது நின்றது. வயல்கள் வெடித்துக் கிடந்தன. அப்பா உப்பளத்தில் கூலிக்குப் போனார்.

தண்ணீர் இல்லாத ஊரில் பெண்ணை வைத்திருக்க வேண்டாம் என்றுதான் அவர் எனக்கு டவுனில் மாப்பிள்ளை பார்த்தார். ஊர் வறண்டதால்தான் எனக்கு இந்த வாழ்வு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு குடம் நிறையும்போதும் அந்த நினைப்பு வரும்.

அன்றைக்கு அப்பாவின் தோளில் ஒரு கட்டு இருந்தது. பனைமட்டைகளைக் கீறி, ஒரு முனையைக் கூர்மையாகச் சீவி, மறுமுனையில் சுண்ணாம்பு பூசியிருந்தார்.

"என்னப்பா இது?"

"முளைக்குச்சி. ஊர்க்காரங்க மனுக் குடுத்து ஆபீசர் வந்து பாத்துட்டுப் போனாரு. ஜீப்பை விட்டு இறங்கி, இங்கன கால்வாயா, எனக்கு முள்ளுதான் தெரியுதுங்காரு. தடம் முழுக்க முளை அடிச்சுக் காட்டுங்க, மேல எழுதுதேன்னு சொல்லியிருக்காரு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊர்ப் பக்கத்தை மத்தவங்க அடிச்சிட்டாங்க. மேல் தடம் எனக்குத்தான் தெரியும். ஆனா கண்ணு தெரியலையே, தாயி. நீ வரணும்."

இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது அவருக்கு; பழகிய வழியிலும் பழகிய வேலையிலும் மட்டும் சமாளித்துக்கொள்வார். அம்மா இறந்துவிட்டாள். சின்ன வயதில், அப்பா தண்ணீர் முறைக்குக் காவல் நின்ற நாட்களில், சோற்றுத் தூக்கோடு அந்தக் கரையில் நடந்தது நான்தான். குளம் வரைக்கும் போயிருக்கிறேன். ஒவ்வொரு வளைவும் தெரியும்.

"வாரேன்பா," என்றேன்.

குழந்தையை யாரிடம் விடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்கு அக்கா இருந்தாள். கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் தெருவுக்குக் கருவாடு விற்க வருகிறவள். அவள் புருஷன் சங்கு குளிக்கிறவர். கடற்கரையில் அவர்களுக்குத் தோதுப்படாமல் போய், டவுனுக்கு வெளியே எங்கோ குடிசை போட்டிருந்தார்கள்.

என் பிள்ளை பிறந்த இரண்டாம் வாரம் எனக்கு மஞ்சள்காமாலை வந்தது. பால் வற்றிவிட்டது. பசும்பால் பிள்ளைக்குச் சேரவில்லை, குடித்ததெல்லாம் கக்கியது. கருவாட்டுக் கூடையோடு தெருவில் போனவள் அழுகையைக் கேட்டு உள்ளே வந்தாள். அவள் இடுப்பிலும் ஒரு கைக்குழந்தை. என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். கூடையை இறக்கிவைத்துவிட்டு, "குடு இங்கன" என்று கையை நீட்டினாள். நான் தேறி எழும் வரை தினமும் வந்தாள். ஒரு பக்கம் அவள் பிள்ளை, மறு பக்கம் என் பிள்ளை. நான் எழுந்து நடமாடிய பிறகும் எனக்குப் பால் ஊறவில்லை. அவள் வருவதும் நிற்கவில்லை. என் பிள்ளையை அவள் "எம் மவ" என்றுதான் சொல்வாள்.

அவ்வளவு செய்தவளின் வீட்டுக்கு நான் ஒருநாள்கூடப் போனதில்லை. எங்கே என்று கேட்டதுமில்லை. அவள்தான் எப்போதும் வருவாள்.

அன்று அவள் கூடையோடு வந்ததும், ஊருக்கு அப்பாவோடு ஒரு வேலையாகப் போகிறேன் என்று மட்டும்தான் சொன்னேன். "நான் இன்னைக்கு வெயிலுக்கு முன்னால திரும்பிருவேன். எம் மவளை என் கூடவே கொண்டு போறேன்" என்றாள். "நேரமாச்சுன்னா அங்கனயே வந்து தூக்கிக்கோ. ஓடைக்கரையில சங்கு குளிக்கிறவர் வீடுன்னா யாரும் சொல்லுவாங்க."

ஓடைக்கரை என்றால் ஏதோ ஒரு ஓடை என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் ஊருக்குப் போய், வயல் முடியும் இடத்திலிருந்து நடக்கத் தொடங்கினோம். கிணற்றடியில் நின்ற பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கிணற்றில் வாளி தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. என்னோடு படித்தவள் ஒருத்தி என் கையைத் தடவிப் பார்த்தாள். "டவுன் தண்ணியில குளிச்சு நல்லா வெளுத்துட்டியே, ஏளா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் கை சொரசொரவென்று உப்பில் வெந்திருந்தது.

ஊர்க்காரர்கள் அடித்த முளைகள் முடிந்த இடத்தில் உடைமரக் காடு தொடங்கியது. கால்வாய் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஓர் இடத்தில் கரை முழங்கால் உயரத்துக்கு இருந்தது. அடுத்த இடத்தில் அதுவும் இல்லை. நான் முன்னால் முள்ளை விலக்கிப் போனேன். அப்பா என் தோளில் கை வைத்துப் பின்னால் வந்தார்.

"பூவரசு ரெண்டு சேந்தாப்ல நிக்கா?"

"ஒண்ணுதான் நிக்கி, இன்னொண்ணு வெட்டுப்பட்டுத் தூர் மட்டும் கிடக்கு."

"சரியா இருக்கு. அங்கன ஒண்ணு அடி."

கல்லை எடுத்து முளையின் தலையில் அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் அவர் தலையாட்டினார். உப்பளத்து ஓரத்தில் தடம் முழுவதும் காணாமல் போனது. வெள்ளை மண், ஒரே மட்டம். எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றேன். அப்பா குனிந்து கையால் மண்ணைக் கீறச் சொன்னார். கொஞ்சம் தள்ளித் தள்ளிக் கீறிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் உப்பு மண்ணுக்குக் கீழே கறுப்பு வண்டல் வந்தது. அதோடு நத்தைக்கூடுகளும் வந்தன. கையில் எடுத்தால் நொறுங்கின. உடையாத ஒன்றை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் பெருவிரலால் அதைத் திரும்பத் திரும்பத் தடவினார்.

"நல்ல தண்ணி நத்தை," என்றார். "இந்த உப்புக்குள்ள கிடக்கு, பாரு."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. அதன் பிறகு அவர் நடையே மாறிவிட்டது. எனக்கு முன்னால் போகப் பார்த்தார். தண்ணீர் வந்தால் முதலில் எந்த வயலை உழுவது, உப்பளத்தில் சொல்லிக்கொண்டு எப்போது நிற்பது என்று பேசிக்கொண்டே வந்தார். நானும் பேசினேன். தண்ணீர் திரும்பிவிட்டால் என் வீட்டுக் குழாயைப் பற்றி நான் இனிமேல் குன்ற வேண்டியதில்லை என்று நினைத்தேன். உண்மையில் அன்று நான் போனது அதற்காகத்தான்.

வெயில் சாயத் தொடங்கும்போது சாலையைத் தாண்டினோம். இனி மதகு ஒன்றுதான் பாக்கி. கால்வாய் வளையும் இடத்தில், இரண்டு பக்கமும் கல்சுவர் எழுப்பி, நடுவில் பலகை இறக்கித் தண்ணீரைத் தடுக்கும் மதகு. அதைக் காட்டிவிட்டால் இங்கே கால்வாய் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் அப்பா.

வளைவில் திரும்பினேன். கால்வாயின் பள்ளத்துக்குள் குடிசைகள் இருந்தன. பழைய கரை இரண்டு பக்கமும் காற்றை மறைக்க, நடுவில் ஓலைக்கூரைகள் நெருங்கிக் கிடந்தன. வலைகள் காய்ந்தன. கடைசிக் குடிசைக்குச் சுவர் வைக்கவில்லை. மதகின் கல்சுவரையே சுவராக்கி ஓலையைச் சாய்த்திருந்தார்கள். அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் என் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா?" என்றாள் சந்தோஷமாக. "கேட்டுக் கேட்டு வந்தியோ? ஐயா யாரு, உங்க அப்பாவா? நிக்கிறியளே, உக்காருங்க ஐயா. குசினியில கடுங்காப்பி இருக்கு."

என் கையில் முளைக்குச்சிகளும் கல்லும் இருந்தன.

"ஏளா, மதகு வந்துட்டா?" என்று அப்பா கேட்டார்.

நான் கையிலிருந்த கல்லைப் பார்த்தேன். இப்போது யோசித்தால், அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு வழி இருந்தது. அவருக்குக் கண் தெரியாது. மதகைக் காணோம், பிடுங்கிப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லி, தடத்தைக் குடிசைகளுக்குப் பின்னால் கொண்டுபோயிருக்கலாம். அந்த எண்ணம் வந்தது. வாயைத் திறக்கும் முன் அப்பா கையை நீட்டியபடி இரண்டு அடி வைத்துவிட்டார். கை சுவரில் பட்டது. கல்லை மேலிருந்து கீழே தடவினார். பலகை இறங்கும் காடிக்குள் விரல்கள் போயின. அந்தக் காடியில் அக்கா ஒரு மரக் குருசும் சின்ன எண்ணெய் விளக்கும் வைத்திருந்தாள். அப்பாவின் விரல் குருசில் பட்டதும் கையை எடுத்துவிட்டார்.

"இங்கன குடி இருக்கியளா?" என்று கேட்டார்.

"ஆமாய்யா. போன மழைக்கு முன்னாடி வந்தோம்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அக்கா என் கையைப் பார்த்தாள்.

"எதுக்கு இந்தக் கம்பெல்லாம்?"

சொன்னேன். "அக்கா, இது எங்க ஊருக்குத் தண்ணி வந்த கால்வாய். திரும்ப வெட்டித் தரச் சொல்லி ஊர்க்காரங்க மனுக் குடுத்திருக்காங்க. ஆபீசர் தடத்தைக் காட்டச் சொன்னாரு. அதான் முளை அடிச்சிட்டு வாரோம்."

"அப்ப இந்த வீடு?"

"கால்வாய்க்குள்ள இருக்கு அக்கா."

கேட்டுக்கொண்டு நின்ற பக்கத்துக் குடிசை ஆள் முன்னால் வந்தார். "யாரைக் கேட்டு அடிக்கிறிய?" என்று சத்தம் போட்டார்.

"தம்பி, நாங்க கெட்ட எண்ணத்துல வரலை," என்றார் அப்பா. "வயக்காடு செத்துப் போச்சு."

"எங்களுக்குக் கடலுந்தான் செத்துப் போச்சு. அதான இங்கன வந்து கிடக்கோம். இதையும் பிடுங்குவியளோ?"

"ஏலே, சும்மா இரி," என்றாள் அக்கா. "அவரு எம் மவளுக்குத் தாத்தா."

அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டு ஒதுங்கினார். அக்கா என்னிடம் திரும்பினாள். "இவ்வளவு தூரம் வெயில்ல நடந்து வந்திருக்கிய. அடிக்க வேண்டியதை அடிச்சிட்டுப் போ. ஆபீசர் வந்தா வரட்டும், அப்பம் பாத்துக்கிடுவோம்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்தபடி, "இங்கன அடிக்கலைன்னா அங்கன அடிச்சதெல்லாம் வீண்தான்" என்றார். பிறகு, "நீயே சொல்லு, தாயி. எனக்குத் தெரியலை" என்றார்.

ஊர்க் கிணற்றில் வாளி தரையைத் தட்டிய சத்தம் ஞாபகம் வந்தது. மதகுச் சுவருக்கு அருகில், அவள் அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி, முளையை ஊன்றிக் கல்லால் அடித்தேன். தரை கெட்டியாக இருந்தது. பல தடவை அடிக்க வேண்டியிருந்தது. சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது. அக்கா பழக்கத்தில் மாராப்பை விலக்கி அதற்குப் பால் கொடுத்தாள். நான் அடித்து முடிக்கும் வரை அது குடித்துக்கொண்டிருந்தது.

காப்பியை நாங்கள் மறுக்கவில்லை. குடித்துவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். அதற்கு மேலே குளம் வரை தடம் தெளிவாகவே இருந்தது. மீதிக் குச்சிகளை அடிக்க அப்பா சொல்லவில்லை. நானாகத்தான் அடித்தேன்.

அதிகாரி வந்து பார்த்தார். எல்லாம் எழுதிக்கொண்டு போனார் என்று ஊரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அக்கா சில நாட்கள் வழக்கம்போல் கருவாட்டுக் கூடையோடு வந்தாள். முளையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் தேவைக்கு அதிகமாகக் கருவாடு வாங்கினேன். "இவ்வளவு எதுக்கு?" என்று அவள் பாதியைத் திரும்பக் கூடையில் போட்டாள்.

என் கணவரிடம் சொல்லி அழுதேன். அவர் நியாயமான மனிதர். "உங்க ஊருக்கு நியாயம் உண்டு, அவங்களுக்கும் நியாயம் உண்டு. நீ என்ன செய்வ?" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. வேறு எங்காவது அவர்களுக்கு இடம் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னேன். விசாரிக்கிறேன் என்றார். அதற்குள் மழைக்காலம் நெருங்கியது. குடிசைக்காரர்கள் கூரையை மாற்றிப் போட வேண்டிய நேரம். சர்க்கார் முளை அடித்துவிட்டது, தண்ணீர் திறந்துவிடப் போகிறார்கள் என்று அங்கே பேச்சுக் கிளம்பியிருக்கிறது. தண்ணீரில் போகப்போகிற இடத்துக்குப் புது ஓலை எதற்கு என்று ஒவ்வொருவராகப் பிரித்துக்கொண்டு போனார்கள். ஒருநாள் அக்கா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மதகுச் சுவர் கரி படிந்து தனியாக நின்றது. காடியில் குருசு இல்லை. நான் அடித்த முளை அப்படியே இருந்தது.

கால்வாயை வெட்டவில்லை. செலவுக்கு ஏற்ற தண்ணீர் வராது என்று மேலே முடிவாகிவிட்டதாம். அடுத்த கோடையில் அந்தச் செய்தி வந்தது. ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அப்பா உப்பளத்துக்கே போய்க்கொண்டிருந்தார். அவர்தான் ஒருநாள் வந்து, "மதகுல இருந்த அந்தப் பிள்ளை எங்கன இருக்குன்னு விசாரி. போய்ப் பாத்துட்டு வரணும்" என்றார்.

டவுனுக்கு வடக்கே ஒரு கடற்கரை ஊரில், புருஷனின் சொந்தக்காரர்களை அண்டி இருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் வெகுதூரம் நடந்து போனோம். குடிசை வாசலில் எங்களைக் கண்டதும் அவள் ஓடி வந்தாள். முதலில் பிள்ளையைத்தான் வாங்கினாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது, கையைக் காலை உதைத்து அழுதது. அவள் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தாள். நிற்கவில்லை.

"வேத்தாளாயிட்டேன்," என்று சிரித்துக்கொண்டே என்னிடம் திருப்பித் தந்தாள்.

அப்பா துண்டைக் கையில் சுருட்டியபடி நின்றார். "தாயி, நாங்க வந்து முளை அடிச்சதாலதான் நீங்க கிளம்பினிய. அந்தத் தண்ணியும் வரலை. இது தெரிஞ்சிருந்தா அங்கன கால் வச்சிருக்க மாட்டேன்."

"விடுங்கய்யா. மழைக்கு அங்கனயும் தண்ணி நிக்கத்தான் செய்யும்," என்றாள். எங்களைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள். கருவாட்டுக்குப் போவதில்லையா என்று நான் கேட்டேன். இங்கேயிருந்து டவுன் தூரம், பஸ்ஸில் கண்டக்டர் கூடையை ஏற்ற விடமாட்டேன் என்கிறான் என்றாள். ஆள் மெலிந்திருந்தாள். நாங்கள் உட்கார்ந்த பாயைத் தவிர உள்ளே அதிகம் ஒன்றுமில்லை.

எங்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் குடத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இந்தா வந்துருதேன்" என்று இடுப்பில் எடுத்தாள். நல்ல தண்ணீருக்கு ஊற்று தோண்டிய இடத்துக்குப் போக வேண்டும், மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம். அப்பா எழுந்து அந்தக் குடத்தை அவள் இடுப்பிலிருந்து வாங்கினார்.

"ஐயோ, குடுங்கய்யா, உங்களுக்குக் கண்ணு தெரியாது."

"இவ கூட வருவா," என்றார்.

அவள் பிடித்த குடத்தை விடாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விட்டுவிட்டாள். பிள்ளையை அவள் வாசலில் மணலில் இறக்கிவிட்டேன். அவள் பிள்ளை அங்கே விளையாடிக்கொண்டிருந்தது. அப்பா என் தோளில் கை வைத்தார். மணல்மேட்டில் ஏறினோம். ஊற்றில் பெண்கள் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வர நேரமானது. மண்டியிட்டு நானும் மொண்டேன். தண்ணீர் கலங்கலாக, மெதுவாகத்தான் ஊறியது. குடம் நிறைந்ததும் அப்பா தலையில் ஏற்றிவிடச் சொன்னார். மேட்டில் ஏறும்போது கால் புதைந்து ஒரு தடவை தடுமாறினார். கொஞ்சம் தண்ணீர் அவர் முதுகில் சிந்தியது. நிற்காமல் நடந்தார்.

வாசலில் குடத்தை இறக்கிவிட்டு, மூச்சு வாங்க, "வேற குடம் இருக்கா தாயி?" என்று கேட்டார்.

அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே போய் இன்னொரு குடத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.